இந்தியாவும் இலங்கையும்: காகித இறக்குமதியை எப்படி ஒப்பிடுவது?

கண்டனூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு "காகிதம், அட்டை இறக்குமதி: இந்தியா, இலங்கை ஒப்பீடு" என்று தலைப்பு வாங்கிவிட்டேன். ஐ.நா.வின் காம்ட்ரேட் தளத்தில் 48-ம் அத்தியாயத்தை (சுங்கச் சரக்குப் பட்டியலில் காகிதம், அட்டைக்கான பகுதி) எடுத்து, 1990-க்குப் பிறகு இரண்டு நாட்டு இறக்குமதியையும் டாலரில் கோடு போட்டேன். இந்தியா மேலே மேலே போகிறது, இலங்கை அடியிலேயே கிடக்கிறது. கைடு மேடம் பார்த்துவிட்டு, "இந்தியா பெரிய நாடு, இலங்கை சின்ன நாடு. இதைச் சொல்ல உனக்குக் காம்ட்ரேட் எதற்கு?" என்று கேட்டுவிட்டார்.

ஏன் இலங்கை என்றால், நம் பக்கத்தில் அங்கே கொண்டுவிற்கப் போகாத குடும்பம் குறைவு. கொழும்புக் கதை கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் எடுத்தேன், வேறு பெரிய காரணம் இல்லை.

பேப்பர் தொழிலில் இருப்பவர்கள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். இந்த இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்தால் உருப்படியாக என்ன கேள்வி கேட்கலாம்? சொல்லுங்கள்.

அச்சாபீஸ்_காரைக்குடி

தங்கச்சி, முதலில் டாலரை விட்டுவிட்டு டன்னுக்கு வா. காகிதத்தில் விலை படுத்துகிற பாடு அப்படி. 2020 கடைசியிலிருந்து 2022 வரை நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் அடிக்கிற தாள்) விலை இரண்டு மடங்குக்கு மேல் போனது. கிராஃப்ட் (பெட்டி செய்கிற பழுப்புத் தாள்), ஆர்ட் பேப்பர் (வழவழப்பான பூச்சுத்தாள்), போர்டு எல்லாமே ஏறின. கண்டெய்னர் வாடகை தனிக்கதை. அந்த வருஷங்களில் ஒரு நாடு முன்னைவிடக் குறைவாகச் சரக்கு வாங்கியிருந்தாலும் டாலர் கோடு ஏறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "நுகர்வு பெருகியது" என்று எழுதினால் மேடம் அடுத்த கேள்வியும் கேட்பார்.

டன் கணக்கு வேண்டும் என்றால் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வன உற்பத்திப் பட்டியலைப் பார். 1961-லிருந்து இருக்கிறது. அதில் நியூஸ்பிரிண்ட், எழுத்து அச்சுத் தாள், பேக்கிங் தாள் என்று பிரித்தே கொடுத்திருப்பார்கள்.

இன்னொன்று. "காகிதம்" என்று ஒரே சொல்லில் அடக்கினால் ஒன்றும் புரியாது. என் ஆபீசில் இப்போது இருப்பதையே சொல்கிறேன். பலகாரக் கடைகளுக்குப் பெட்டி அடிக்க ஃபோல்டிங் பாக்ஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்ட் போர்டு, பில் புக்குக்கு மேப்லித்தோ, வெளிப்பெட்டிக்குக் கிராஃப்ட். இதில் மேப்லித்தோ நம்மூர் மில்லிலேயே தாராளமாகக் கிடைக்கும். கிராஃப்டும் அப்படியே. ஆர்ட் பேப்பரும் மேல்தரப் போர்டும்தான் வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி. போர்டை ஓரத்தில் கொஞ்சம் கிழித்து, பிரியும் இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நடு அடுக்கு வெள்ளையாக, பொசுபொசுவென்று இருந்தால் புது மரக்கூழ். சாம்பல் நிறத்தில் அங்கங்கே மைப்புள்ளி தெரிந்தால் பழைய பேப்பரில் செய்த டூப்ளெக்ஸ். அதிரசமும் தேன்குழலும் வைக்கிற பெட்டிக்கு டூப்ளெக்ஸ் போட்டால் எண்ணெய் ஊறி, பெட்டி மறுநாளே தொய்ந்துவிடும். அதனால்தான் விலை கூடினாலும் கடைக்காரர் நல்ல போர்டு கேட்கிறார். ஒரு நாட்டில் எந்த வகை ஏறுகிறது, எந்த வகை இறங்குகிறது என்று பார்த்தால்தான் கதை வரும்.

சும்மா_பார்க்க_வந்தேன்

எல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. இன்னும் எதற்குப் பேப்பர் இறக்குமதி?

அச்சாபீஸ்_காரைக்குடி

அந்தப் போன் எதில் வந்தது தம்பி? பெட்டியில்தானே!

முத்துநகர்_ஏஜென்ட்

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் ஏஜென்ட் வேலை. சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். பெட்டிக்காரர் சொன்னது சரி, நான் சுங்கக் குறியீட்டு எண்களைச் சொல்கிறேன்.

48-ல் 4801 நியூஸ்பிரிண்ட். 4802 பூச்சில்லாத எழுத்து, அச்சுத் தாள். 4804, 4805 பெரும்பாலும் கிராஃப்ட், பெட்டிக்கான உள்தாள். 4810 பூச்சுத்தாள், போர்டு. 4819 பெட்டி, பை. 4820 நோட்டு, ரிஜிஸ்டர். இந்த அளவுக்காவது பிரித்துக்கொள்ளுங்கள்.

பலர் விழுகிற குழி ஒன்று உண்டு. குழந்தைகளுக்கான நாப்கின், சானிட்டரி நாப்கின் எல்லாம் 2012-க்கு முன்னால் 4818-க்குள் இருந்தன. 2012 திருத்தத்தில் அவற்றை எடுத்து 9619 என்ற புதுத் தலைப்பில் போட்டுவிட்டார்கள். 96 வேறு அத்தியாயம். ஆக 2011-ல் "காகித இறக்குமதி" என்று எண்ணப்பட்ட சரக்கு 2012-ல் காகிதமே இல்லை. நீண்ட காலத் தொடர் போடுகிறவர்கள் அந்தப் பகுதியை இரண்டு பக்கமும் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குழி 47-ம் அத்தியாயத்தில் இருக்கிறது. 4707 என்றால் கழிவுக் காகிதம். எங்கள் துறைமுகத்தில் இறங்குகிற பேல்களைப் பார்த்தால் புரியும். மேலே கம்பி கட்டி, உள்ளே நசுங்கிப்போன அட்டைப்பெட்டிகள். அமெரிக்கக் கடை ஸ்டிக்கர், ஐரோப்பிய மொழியில் எழுதிய பால் பெட்டி, எல்லாம் இருக்கும். அதை மில்லுக்கு ஏற்றினால் ஊறவைத்துக் கூழாக்கிக் கிராஃப்டாக எடுக்கிறார்கள். இந்தியாவில் உற்பத்தியாகும் காகிதத்தில் முக்கால் பங்கை ஒட்டிப் பழைய பேப்பரிலிருந்து வருவதுதான். அதில் கணிசமான பகுதி கப்பலில் வருகிறது. 48-ஐ மட்டும் பார்த்தால் இந்தியா காகிதம் குறைவாக வாங்குகிற நாடு போலத் தெரியும். 47-ஐயும் சேர்த்தால் படம் வேறு.

கண்டனூர்க்காரி

நன்றி அண்ணாச்சி. நாப்கின் விஷயம் சுத்தமாகத் தெரியாது. 2012 பற்றி அடிக்குறிப்பு போட்டுவிடுகிறேன். இலங்கைக்கும் 4707 பார்க்க வேண்டுமா? அங்கே மில் இருக்கிறதா?

பள்ளத்தூர்_ஐயா

இருந்தது ஆத்தா. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாழைச்சேனை. 1950-களின் நடுவில் அரசு தொடங்கிய காகித ஆலை. வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். பின்னால் தெற்கே எம்பிலிப்பிட்டியாவிலும் ஒன்று வந்தது. வாழைச்சேனை போர்க்காலத்தில் நொடித்துப்போய், அதற்கப்புறம் நின்று நின்று ஓடியது. இரண்டையும் சேர்த்தாலும் நாட்டுத் தேவையில் சிறு பங்குதான்.

இதுதான் உன் ஒப்பீட்டின் அச்சாணி என்று எனக்குப் படுகிறது. இலங்கையில் இறக்குமதி என்றால் கிட்டத்தட்ட அதுவே நுகர்வு. நாடு எவ்வளவு காகிதம் பயன்படுத்தியது என்று கேட்டால் துறைமுகக் கணக்கைப் பார்த்தால் போதும். இந்தியாவில் அப்படி இல்லை. ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் உள்ளூரிலேயே செய்கிறார்கள். இறக்குமதி அதன் மேல் வந்து சேருகிற மிச்சம். ஆகவே இரண்டு கோடும் அளப்பது வேறு வேறு பொருளை. இலங்கைக் கோடு அந்த நாட்டின் கையில் டாலர் இருந்ததா இல்லையா என்று சொல்லும். இந்தியக் கோடு, உள்ளூர் மில் விலைக்கும் வெளிநாட்டு விலைக்கும் எவ்வளவு இடைவெளி, வரி எவ்வளவு என்று சொல்லும்.

முடிந்தால் 1990-ல் தொடங்காதே. 1961-லிருந்து போ. இலங்கை 1977-ல் இறக்குமதியைத் திறந்துவிட்டது, நாம் 1991-ல்தான். இடையில் 14 வருஷம். நீ 1990-ல் தொடங்கினால் ஒரு நாட்டின் திறப்பு உன் படத்துக்குள்ளேயே வராது.

அதற்கு முந்திய காலம் இன்னும் சுவை. 1970-77 ஆட்சியில் இலங்கையில் இறக்குமதிக்கு எல்லாவற்றிலும் கட்டுப்பாடு. காகிதம் தட்டுப்பாடு. நம்மூர்த் தமிழ் வாராந்தரிகள் அங்கே போவதற்கும் அப்போது கட்டுப்பாடு வந்தது. அதனால் அங்குள்ள தமிழ் இதழ்களுக்கு ஒரு மூச்சுவிட இடம் கிடைத்தது என்று சொல்வார்கள். இதழ்களும் புத்தகங்களும் 49-ம் அத்தியாயம், உன் 48-ல் தெரியாது. அச்சான காகிதமாக வந்ததா, வெள்ளைக் காகிதமாக வந்ததா என்று பார்க்க 49-ஐயும் ஒரு கண் வைத்துக்கொள்.

இந்தியாவிலும் அப்போது சுதந்திரமாக வாங்க முடியாது. நியூஸ்பிரிண்ட் எவ்வளவு, யாருக்கு என்பதை அரசு பங்கிட்டுக் கொடுத்தது. 1962-ல் நியூஸ்பிரிண்ட் கட்டுப்பாட்டு ஆணை. உள்ளூரில் மத்தியப் பிரதேசத்து நேபாநகர் ஆலை ஒன்றுதான், 1955-ல் உற்பத்தி தொடங்கியது. 1980-களின் தொடக்கம் வரை வேறு ஆலை கிடையாது. 1972-73 கொள்கையில் நாளிதழ்கள் 10 பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். டைம்ஸ் ஆஃப் இந்தியா நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனத்தின் வழக்கில் 1972-ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. 1981-ல் 15 சதவீதச் சுங்க வரி போட்டபோது மறுபடி வழக்கு. 1984 டிசம்பரில் தீர்ப்பு, வரியை மறுபரிசீலனை செய்யச் சொல்லி. அந்தக் காலத்து இந்திய இறக்குமதி எண்ணைப் பார்த்து "இவ்வளவுதான் தேவை இருந்தது" என்று சொல்லவே முடியாது. அரசு விட்ட அளவு அது.

எங்கள் ஐயா கொழும்புக் கடையில் எழுதிய பேரேடுகள் சில வீட்டில் இருக்கின்றன. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சீமை ஆலையின் நீர்க்குறி தெரியும். மை இன்றும் மங்கவில்லை. அதே பெட்டியில் இருக்கிற இரண்டாம் உலகப் போர்க்காலத் தமிழ்ப் புத்தகங்களைத் தொட்டால் ஓரம் பொடியாக உதிர்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவை இப்போது சென்னை நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்துத் தாளைப் பார்க்க ஆசை என்றால் அங்கே போ. புராஜெக்டுக்குத் தேவை இல்லைதான்.

கண்டனூர்க்காரி

ஐயா, "டாலர் இருந்ததா இல்லையா" என்ற வரி ஒன்று போதும். அதை ஆய்வுக் கேள்வியாகவே வைத்துக்கொள்கிறேன். 2022-ல் இலங்கையில் என்ன நடந்தது என்று அங்கிருந்து யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

செட்டியார்தெரு_கொழும்பு

நான் சொல்றேன் தங்கச்சி. எங்கட வீட்டில் ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதனால் மறக்கேலாது.

2022 மார்ச் மாதம் மேல் மாகாணப் (கொழும்பு இருக்கிற மேற்கு மாகாணம்) பாடசாலைகளில் தவணைப் பரீட்சை வைக்க வேண்டியது. 21-ந் திகதி தொடங்க இருந்தது. வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை என்று ஒத்திவைத்துவிட்டார்கள். மையும் இல்லை. இறக்குமதி செய்கிற அச்சகங்களுக்கு டொலர் கிடைக்கவில்லை. அதே மாதக் கடைசியில் ஐலண்ட், திவயின என்ற ரெண்டு பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்பை அச்சில் விடாமல் நிறுத்தினார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது என்று அரசாங்கமே அறிவித்தது.

ரூபாவின் கதையும் இதோட சேர்த்துத்தான். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதம் 360-ஐத் தொட்டது. கடதாசியின் உலக விலை ஏறினது ஒரு பக்கம், ரூபா விழுந்தது மறுபக்கம். அப்பியாசக் கொப்பி வாங்கப் போனால் கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு எங்கட முகத்தைப் பார்ப்பார். பழைய கொப்பிகளில் எழுதாத பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்துக் குடுத்தோம். கரண்ட் வெட்டு வேற, மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. கடதாசி இருந்த அச்சகமும் ஓடேலாது.

உங்கட படத்தில் அந்த வருஷம் விழுந்திருக்கிறது வெறும் எண்ணிக்கை. டன் கணக்கில் பார்த்தால் இன்னும் ஆழமாகத் தெரியும் என்று நினைக்கிறேன், ஏனெண்டால் டொலர் கணக்கில் விலை ஏற்றம் பாதியை மூடிவிடும்.

அச்சாபீஸ்_காரைக்குடி

அதே 2021-22-ல் இங்கே நடந்தது நேர் எதிர், பார்த்துக்கொள். சீனா 2018-ல் தரம் பிரிக்காத கழிவுக் காகிதத்தை நிறுத்தி, 2021 ஜனவரியிலிருந்து கழிவு இறக்குமதியையே மொத்தமாக நிறுத்தியது. அவர்களுக்குக் கூழ் வேண்டுமே. இந்திய மில்களிடமிருந்து கிராஃப்ட் ரீலாக வாங்க ஆரம்பித்தார்கள். மில்காரர்களுக்குக் கொண்டாட்டம். 2021-22-ல் இந்தியக் காகித ஏற்றுமதி 14,000 கோடி ரூபாயை ஒட்டிப் போனது, அதுவரை இல்லாத உயரம். எங்களைப் போன்ற பெட்டி அடிக்கிறவர்களுக்கு ரீல் கிடைக்கவில்லை. கிடைத்தால் வாரத்துக்கு ஒரு விலை. ஒப்புக்கொண்ட ஆர்டரை நஷ்டத்தில் அடித்துக் கொடுத்தோம்.

கொழும்பில் காகிதம் வரவில்லை என்று பரீட்சை நின்றது. இங்கே காகிதம் வெளியே போகிறது என்று நாங்கள் கத்தினோம். ஒரே வருஷம்.

மொண்டிப்பட்டி_ஷிப்ட்

மில்காரனுக்குக் கொண்டாட்டம் என்று எழுதியதால் வந்தேன். மணப்பாறைப் பக்கம் போர்டு ஆலையில் ஷிப்ட் வேலை.

தமிழ்நாடு அரசின் காகித நிறுவனமான டிஎன்பிஎல் 1979-ல் ஆரம்பித்தது. கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம். மொண்டிப்பட்டியில் 2016-ல் வந்த இரண்டாவது ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் பூச்சு போர்டு செய்கிற அளவு. அதற்குப் போட்ட முதல் கொஞ்சமா? அதே நேரத்தில் ஆசியான் ஒப்பந்தம், அதாவது தென்கிழக்காசிய நாடுகளோடு இந்தியா போட்ட தடையில்லா வணிக ஒப்பந்தம். 2010-ல் அமலுக்கு வந்து, படிப்படியாகக் குறைத்து, 2014 முதல் அந்த நாடுகளின் பெரும்பாலான காகிதத்துக்குச் சுங்க வரி பூஜ்யம். மற்ற நாட்டுக்குப் பொதுவாக 10 சதவீதம். இந்தோனேசியாவில் வேகமாக வளருகிற மரத்தோட்டம் இருக்கிறது, மரம் மலிவு. நமக்கு மரம் கிடைப்பதே பாடு. அவன் வரியில்லாமல் இறக்கினால் நாம் எந்த விலைக்கு விற்பது?

இந்தியக் காகித உற்பத்தியாளர் சங்கம் சொன்ன கணக்கு: 2022-23-ல் 14.3 லட்சம் டன் இறக்குமதி, 2023-24-ல் 19.3 லட்சம் டன். ஒரே வருஷத்தில் சுமார் 35 சதவீதம் கூடுதல். ஐயா சொன்ன "மிச்சம்" இப்படி ஏறினால் மில் ஷிப்டைக் குறைக்கும். அந்தக் கோட்டில் எங்கள் சம்பளமும் இருக்கிறது.

அச்சாபீஸ்_காரைக்குடி

தம்பி, உன் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை. 2021-ல் மில்கள் விலை ஏற்றியபோது "உலகச் சந்தை அப்படி" என்றார்கள். 2023-ல் உலகச் சந்தை இறங்கி வெளிநாட்டுப் போர்டு மலிவாக வந்ததும் "அரசு காப்பாற்ற வேண்டும்" என்கிறார்கள். ஏறும்போது சந்தை, இறங்கும்போது அரசா?

2025 ஆகஸ்டில் புதுக்கூழ் அடுக்குப் போர்டுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை டன்னுக்கு 67,220 ரூபாய் என்று வைத்தார்கள், 2026 மார்ச் வரைக்கும் என்று. அதற்குக் கீழே விலை போட்டு இறக்கக்கூடாது என்றார்கள். அடுத்த மாதமே ஜிஎஸ்டி மாற்றத்தில் காகிதம், போர்டு 18 சதவீதம், பெட்டி 5 சதவீதம். வாங்குவது 18, விற்பது 5, நடுவில் என் பணம் ரீஃபண்டுக்குக் காத்துக்கிடக்கிறது. பலகாரக் கடைக்காரர் பெட்டி விலையைக் குறை என்கிறார், வரி குறைந்துவிட்டதாம்.

மொண்டிப்பட்டி_ஷிப்ட்

வரி அமைப்பு கோணலாக இருப்பது உண்மைதான் அண்ணே, அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மில் மூடினால் அப்புறம் வெளிநாட்டுக்காரன் வைத்ததுதான் விலை. கொழும்பு அக்கா எழுதியதைப் படித்தீர்கள்தானே? உள்ளூரில் ஆலை இல்லாத நாட்டின் கதை அது. டாலர் இல்லை என்றதும் பிள்ளைக்குப் பரீட்சைத் தாள் இல்லை.

அச்சாபீஸ்_காரைக்குடி

அதை மறுக்கவில்லை. நம் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத் தாள் காகிதபுரத்திலிருந்து வருவது நல்ல விஷயம்தான். நான் கேட்பது போர்டு விலை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதே.

சும்மா_பார்க்க_வந்தேன்

இதற்குள் பிரச்சினை இவ்வளவு இருக்கிறதா! நான் பேப்பர் என்றால் காலையில் வாசலில் விழுவது என்று நினைத்திருந்தேன்.

முத்துநகர்_ஏஜென்ட்

வாசலில் விழுவதும் இதில்தான் இருக்கிறது. இந்தியக் கோட்டில் 4801-ஐத் தனியாக எடுங்கள். நியூஸ்பிரிண்டுக்கு 2019 பட்ஜெட்டில் 10 சதவீத வரி போட்டு, 2020 பட்ஜெட்டில் 5 ஆக்கினார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு. பல வீடுகள் பேப்பரை நிறுத்தின, அதில் ஒரு பகுதி திரும்ப வாங்கவே இல்லை. பக்கங்களும் மெலிந்தன. 48-ஐ மொத்தமாகப் பார்த்தால் நியூஸ்பிரிண்ட் இறங்கியதையும் போர்டு ஏறியதையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டு மறைத்துவிடுவீர்கள். மில்காரத் தம்பி கொடுத்த எண்ணில் நியூஸ்பிரிண்ட் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

வேறு சில சில்லறை விஷயங்கள். இந்தியக் கணக்கில் பல அறிக்கைகள் ஏப்ரல்-மார்ச், இலங்கையில் ஜனவரி-டிசம்பர். காம்ட்ரேட்டில் ஆண்டு எடுத்தால் காலண்டர் ஆண்டா என்று பாருங்கள். 2022 மார்ச் எந்தப் பக்கம் விழுகிறது என்பது உங்களுக்கு முக்கியம்.

இறக்குமதி மதிப்பில் கப்பல் வாடகையும் இன்சூரன்சும் சேர்ந்திருக்கும். ஏற்றுமதி மதிப்பில் சேராது. 2021-ல் வாடகை ஏறியது உங்கள் இறக்குமதிக் கோட்டில் காகிதமாகவே தெரியும்.

கொழும்பு டிரான்ஷிப்மென்ட் பற்றிச் சிலர் குழம்புவார்கள். தூத்துக்குடிக்கு வரும் கண்டெய்னர் நிறைய கொழும்பில் இறங்கி, சின்னக் கப்பல் மாறி வருகிறது. அந்தச் சரக்கு இலங்கை இறக்குமதி ஆகாது, துறைமுகத்தை விட்டு வெளியே போனால்தான் கணக்கு. 

2022 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் காகித இறக்குமதிக்குக் கண்காணிப்புப் பதிவு கட்டாயம், 48-ம் அத்தியாயத்தில் 201 சரக்கு வகைகளுக்கு. தடை இல்லை, முன்கூட்டிப் பதிய வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் "மற்றவை" என்ற வகையில் போட்டுத் தள்ளுவது சுலபம். பதிவு வந்தபின் வகை எழுதுவதில் கொஞ்சம் கவனம் கூடியிருக்கிறது. ஆகவே 2022-க்குப் பின் ஏதாவது ஒரு வகை திடீரென்று ஏறினால், சரக்கு ஏறியதா, எழுதுவது மாறியதா என்று யோசியுங்கள்.

செட்டியார்தெரு_கொழும்பு

இன்னொன்றையும் பாருங்கோ. எங்கட நாட்டுக்கு வருகிற கடதாசி முழுக்க நாங்கள் பாவிக்கிறது இல்லை. தேயிலைப் பெட்டி, ஆடைத் தொழிற்சாலைப் பெட்டி என்று ஒரு பங்கு திரும்ப வெளியே போகுது. ஏற்றுமதிக் கணக்கில் அது தேயிலையாகவும் உடுப்பாகவும் தெரியும், கடதாசியாகத் தெரியாது. ஐயா சொன்ன "இறக்குமதிதான் நுகர்வு" என்பதில் இந்தப் பங்கைக் கழிக்க வேணும்.

பள்ளத்தூர்_ஐயா

நல்ல திருத்தம் அம்மா. கழிப்பது கடினம், ஆனால் எழுதியாவது வைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சிவகாசியும் அதே கதைதான். தீப்பெட்டி, பட்டாசுப் பெட்டி, காலண்டர், நோட்டு என்று போர்டும் தாளும் அங்கே இறங்கி நாடு முழுக்கப் போகின்றன, வெளிநாட்டுக்கும் போகின்றன.

தலைக்கணக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 19.3 லட்சம் டன்னை 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்கு ஒன்றரைக் கிலோகூட வராது. ஓர் இந்தியர் ஆண்டுக்குப் பயன்படுத்துவதாகச் சொல்லப்படுவது சுமார் 15 கிலோ. பத்தில் ஒன்றுதான் இறக்குமதி. இலங்கை மக்கள் 2 கோடியே 20 லட்சம் பேர். வகுத்துப் பார், இந்தியாவைவிடப் பல மடங்கு மேலே போய் உட்காரும். உன் மேடம் கேட்ட "பெரிய நாடு, சின்ன நாடு" கேள்விக்குப் படமே தலைகீழாகும்.

கண்டனூர்க்காரி

இப்போதுதான் வகுத்துப் பார்த்தேன் ஐயா. உண்மையிலேயே தலைகீழ்.

எல்லோரும் சொன்னதை வைத்து இப்படி மாற்றுகிறேன். டாலர் கோட்டைப் பின்னிணைப்பில் தள்ளிவிட்டு, டன்னில் நான்கு வகை மட்டும்: நியூஸ்பிரிண்ட், எழுத்து அச்சுத் தாள், பேக்கிங் தாள், போர்டு. இந்தியாவுக்கு 4707 தனிப் படம். 1977, 1991, 2010, 2022 நான்கு இடத்திலும் நிறுத்தி எழுதுகிறேன். இரண்டு நாட்டையும் ஒரே அளவுகோலில் போடாமல் 2000-ஐ 100 என்று வைத்துக் குறியீட்டெண் போடலாமா? இந்தியா-இலங்கை தடையில்லா வணிக ஒப்பந்தம் அந்த வருஷம் மார்ச்சில்தானே அமலுக்கு வந்தது.

இன்னொரு சந்தேகம். 2022-ல் இந்தியா கடனுதவி கொடுத்து, அதில் பாடப்புத்தகக் காகிதமும் போனதாகப் படித்தேன். அது இறக்குமதியில் வருமா?

செட்டியார்தெரு_கொழும்பு

போனது உண்மை. 2023 கல்வியாண்டுப் பாடப்புத்தகத்தில் 45 சதவீதத்துக்கான அச்சு மூலப்பொருள் இந்தியாவின் நூறு கோடி டொலர் கடனுதவிக்குள்ளே வந்தது என்று சொன்னார்கள். இங்கே பாடப்புத்தகம் 1980-லிருந்து இலவசம், அரசாங்கம்தான் அடிக்கிறது. அது நின்றால் எல்லாப் பிள்ளைக்கும் நின்றுவிடும்.

முத்துநகர்_ஏஜென்ட்

வரும். கடனோ, மானியமோ, காசு கொடுத்தோ, சரக்கு சுங்கம் தாண்டி உள்ளே போனால் இறக்குமதிதான். ஆக உங்கள் "டாலர் இல்லை, காகிதம் இல்லை" என்ற வாதத்தில் 2022 பிற்பகுதிக்கும் 2023-க்கும் ஒரு ஓட்டை இருக்கிறது: டாலர் இல்லாமலே வந்த காகிதம் அது. இந்தியாவின் ஏற்றுமதிப் பட்டியலில் இலங்கையை எடுத்து, 4801, 4802 இரண்டையும் மாதவாரியாகப் பாருங்கள். எந்த மாதம் ஏறுகிறது என்று தெரியும். இலங்கைப் பட்டியலோடு டன் ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம், கப்பல் ஏறும் மாதமும் இறங்கும் மாதமும் மாறும், எடையைக் கட்டோடு எழுதினார்களா கட்டில்லாமலா என்பதும் மாறும்.

குறியீட்டெண் போடலாம். ஆனால் ஒரு வருஷத்தை 100 ஆக்காமல் 1999, 2000, 2001 மூன்றின் சராசரியை எடுங்கள். சின்ன நாட்டில் இரண்டு கப்பல் முன்பின் வந்தாலே ஒரு வருஷ எண் ஆடிவிடும்.

மொண்டிப்பட்டி_ஷிப்ட்

4810-க்குள் போர்டும் ஆர்ட் பேப்பரும் கலந்து கிடக்கும், ஆறு இலக்கம் வரை இறங்கினால்தான் பிரியும். எங்கள் ஆலை போர்டு எந்த எண்ணில் போகிறது என்று டெஸ்பாட்ச் பிரிவில் கேட்டு நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.

அச்சாபீஸ்_காரைக்குடி

போடு தம்பி, எனக்கும் வேண்டும். தங்கச்சி, வரைவு முடிந்ததும் 2021 பகுதியை எனக்கு அனுப்பு. அந்த வருஷ ரீல் பில்கள் எல்லாம் ஃபைலில் இருக்கின்றன, மாதவாரியாக விலை எடுத்துத் தருகிறேன். கம்பெனிப் பெயரை மட்டும் மறைத்துவிடு.